ஏழாம் நம்பர் வீட்டு மூன்றாவது அறை

அரசலாற்றங்கரை லைனில் ஏழாம் நம்பர் வீட்டின் மூன்றாவது அறை, மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்குள் எட்டாம் நம்பர் வீட்டுக்குக் குடிபோயிருந்தது. கதவு, நிலை, ஜன்னல், மின்விசிறி, இரும்புக் கட்டில், சுவரில் ஒட்டியிருந்த பத்தாம் வகுப்பு டைம்டேபிள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோயிருந்தது. ஞானமேரி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, தினமும் செய்வதுபோல அறையைப் பெருக்கத் துடைப்பத்தோடு போனாள்; நெற்றி சுவரில் இடித்தது. அறை இருந்த இடத்தில் வெள்ளையடித்த சுவரும், சுவரின் நடுவில் ஓர் ஆணியும் இருந்தன. அதே நேரத்தில் எட்டாம் நம்பரில், கல்யாணமாகி ஆறு மாதமான நஜீபா துண்டு எடுக்கப் போய், நேற்றுவரை இல்லாத ஒரு கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "உம்மா, இங்க ஒரு ரூம் வந்திருக்கு" என்று கூப்பிட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வீடுகளும் ஓர் அங்குலம்கூடக் கூடவோ குறையவோ இல்லை. அந்த அறை ஏழாம் நம்பரின் கிழக்குப் பக்கத்தில் இருந்தது; எட்டாம் நம்பர் மேற்கில். ஆகவே அது கூடத்தைக் குறுக்கே கடந்து, அங்கே பாய் விரித்துப் படுத்திருந்த யாகப்பனைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். ஞானமேரியின் கணவர் யாகப்பன் நூற்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்திரச் சத்தத்தில் பழகிய காது என்பதால் ஓர் அறை தாண்டிப்போனது அவர் தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

அறை தானாகப் போகவில்லை. ஞானமேரிதான் அதை அனுப்பினாள். லைனில் இருந்த பன்னிரண்டும் வாடகை வீடுகள். வாடகையில் பெரும்பகுதியை வாடகை உதவி ஆபீஸ் கட்டிவந்தது. கொரோனாவுக்கு மறுவருஷம் ஆபீஸ் ஒரு விதி கொண்டுவந்தது. வயதுக்கு வந்த பிள்ளை வீட்டைவிட்டுப் போய் ஆறு மாதமானால், அந்தப் பிள்ளை படுத்த அறை உபரி அறை. உபரி அறை வைத்திருப்பவருக்கு உதவியில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இதைப் பார்வையிட அன்பழகன் என்ற இன்ஸ்பெக்டர் கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். டேப் ஒன்றும் பச்சை அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்றும் வைத்திருப்பார். நல்ல மனிதர், யார் வீட்டிலும் காபி குடிக்க மாட்டார். கட்டிலில் இருக்கும் தலையணையின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். ஆள் படுக்கும் தலையணைக்கும் படுக்காத தலையணைக்கும் வித்தியாசம் அவர் கைக்குத் தெரியும். மூன்றாம் நம்பர் கருப்பையன், திருப்பூருக்கு வேலைக்குப் போன மகனின் லுங்கியைத் தினமும் நனைத்துக் கொடியில் காயப்போட்டு, மகன் இங்கேதான் இருப்பதாகச் சொல்லிவந்தார். எட்டு மாதத்தில் லுங்கி சாயம் போய் நூல் நூலாக வந்தது. "போதும்யா, லுங்கி பாவம்" என்று சொல்லிவிட்டு அன்பழகன் குறைத்துவிட்டார்.

ஞானமேரியின் ஒரே மகள் ஆன்லின் அந்தத் திருவிழாவுக்கு ஏழு மாதம் முன்பு இந்துமாக்கடலில் இருக்கும் ரெயூனியன் தீவுக்குப் போனாள். அங்கே சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ரொனால்டுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவன் கொள்ளுத்தாத்தா காரைக்காலிலிருந்து கப்பலேறியவர். ஆன்லின் போனபிறகும் ஞானமேரி அந்த அறையைத் தினமும் பெருக்கினாள், வாரம் ஒருமுறை தலையணை உறை மாற்றினாள். மகள் வந்தால் படுக்க ஓர் அறை இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவளுக்கு இட்லி இறங்கியது. மாங்கனித் திருவிழாவன்று உள்ளூர் விடுமுறை. அன்பழகன் விடுமுறை நாளாகப் பார்த்துத்தான் வருவார், அன்றுதானே யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். உள்ளே வந்தார், தலையணையைத் தொட்டார், "சில்லுன்னு இருக்கேம்மா, இது யார் ரூமுங்க?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து எட்டாம் நம்பர் அஜீசுன்னிசா, வாங்கிப்போன சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வாசலில் வந்து நின்றாள். சல்லடையையும் அவளையும் பார்த்ததும் ஞானமேரியின் வாயில் பொய் தானாக வந்தது. "இது எங்க ரூமே இல்லீங்க சார். இவங்க வீட்டு ரூமு. மவளுக்குக் கல்யாணமாயி எடம் பத்தல பாருங்க, அதான் இவங்க பொழங்குறாங்க." அன்பழகன் நிமிர்ந்து பார்த்தார். ஞானமேரி ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மாதா சுரூபத்தில் கையை வைத்து, "மாதா சத்தியமா அது அவங்களோடதுங்க" என்றாள். அஜீசுன்னிசா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சல்லடையை வைத்துவிட்டுப் போனாள். அன்பழகன் பச்சை நோட்டில் எழுதிக்கொண்டார். சத்தியத்தை மனிதர்கள் லேசாக எடுத்துக்கொள்ளலாம். அறை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலைக்குள் போய்விட்டது.

லைனில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. ஒரு காலை நேரத்தில் கடல் எழுந்து வந்து கிளிஞ்சல்மேட்டுப் படகுகளைத் தென்னந்தோப்பில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆணி இருக்கிறதே என்று அன்று மாலையே யாகப்பன் அதில் மாதா கோயில் காலண்டரை மாட்டினார். எட்டாம் நம்பரில் நிலைமை வேறு. அஜீசுன்னிசா கணவனை இழந்தவள். காரைக்கால் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வார். வாடகை வீடானாலும் வழக்கம் வழக்கம்தான் என்று, இருந்த ஒரே படுக்கையறையை அவள் நஜீபாவுக்கும் மருமகன் முகம்மது இப்ராஹிமுக்கும் கொடுத்துவிட்டு அடுப்படியில் படுத்துவந்தாள். புதிய அறை வந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்குப் போனார்கள், அஜீசுன்னிசாவுக்குக் கட்டில் திரும்பக் கிடைத்தது. அடுத்த தடவை வந்த அன்பழகன் தலையணையைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறது என்று எழுதினார். ஏழாம் நம்பருக்கு உபரி அறை இல்லை, உதவி முழுதாக வந்தது. எட்டாம் நம்பருக்கும் முழுதாக வந்தது. ஆபீஸ் கணக்கில் எல்லாம் சரி. ஞானமேரிக்கு மட்டும் வயிறு எரிந்தது.

முதலில் அவள் அதைப் பொறாமை என்று நினைக்கவில்லை, வருத்தம் என்றே நினைத்தாள். அறை போனால் என்ன, அறையிலிருந்த ஆன்லின் போய் எத்தனையோ நாளாயிற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மார்கழியில் அன்பழகன் எட்டாம் நம்பரை அளந்துவிட்டு வெளியே வந்து டேப்பைச் சுருட்டும்போது, "பத்துக்குப் பதினொண்ணு" என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது. ஏழாம் நம்பரில் இருந்தபோது அந்த அறை பத்துக்கு ஒன்பது. "எங்க வூட்டுல இருந்தப்ப பத்துக்கு ஒம்போது. அங்க போயி ரெண்டடி சதை போட்டிருக்கு. நான் என்ன கொற வச்சேன்?" என்று யாகப்பனிடம் கேட்டாள். பெற்ற பிள்ளை சம்பந்தி வீட்டில் போய்க் கன்னம் சதைபோட்டு நிற்பதைப் பார்த்தவள் மாதிரி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மறுவருஷம் நஜீபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஆனது. தொட்டில் கட்டக் கூரையில் ஒரு கொக்கி தானாக முளைத்திருந்தது என்று இப்ராஹிம் பஸ் ஸ்டாண்டில் வைத்திருந்த தன் செல்போன் கடையில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்டை வீட்டுக்காரி பிள்ளை பெற்றாளென்று அம்மிக்குழவியை எடுத்துக் குத்திக்கொண்டாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. ஞானமேரி குத்திக்கொள்ளவில்லை, மற்றதெல்லாம் செய்தாள். எட்டாம் நம்பர் வாசல் பக்கம் போவதை நிறுத்தினாள். இருபது வருஷமாகப் போய்வந்த கிண்ணங்களும் தட்டுகளும் நின்றன. சல்லடை மட்டும் இங்கேயே இருந்தது. அறையைத் திரும்ப வரவழைக்கவும் பார்த்தாள். மாதா கோயிலில் ஒன்பது நாள் நவநாள் வைத்தாள். வீட்டை மந்திரிக்க ஜெபம் இருக்கிறது, போன அறையைக் கூப்பிட ஜெபம் இல்லையே என்று சாமியார் வருத்தத்தோடு சொன்னார். பிறகு காலண்டர் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து, ஆன்லினுக்குப் பிடித்த சுறாப்புட்டு கிளறித் தட்டில் போட்டு விசிறிக்கொண்டு இருந்தாள். ஒரு மதியம் அதற்குப் பலனும் கிடைத்தது. சுவர் ஒரு சாண் உப்பி வந்தது, மின்விசிறி சுற்றும் சத்தம்கூட அதற்குள்ளிருந்து கேட்டது. ஞானமேரி விசிறுவதை நிறுத்தினாள். அந்த நேரம் எட்டாம் நம்பரில் குழந்தை எதற்கோ கலகலவென்று சிரித்தது. சுவர் பழையபடி உள்ளே போய்விட்டது. ஞானமேரி சுறாப்புட்டை எடுத்துப் பூனைக்குப் போட்டாள்.

யாகப்பன் செய்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பொறுக்கவில்லை. அவருக்கு எட்டாம் நம்பரோடு எந்தச் சண்டையும் இல்லை. காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு அங்கே போய், அந்த அறையில் அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, இஞ்சி டீ குடித்துவிட்டு வருவார். வந்து, கதவு நிலையில் குழந்தைக்கு அளவுக்கோடு போட்டிருக்கிறார்கள் என்று கதை சொல்வார். அந்த நிலையில்தான் ஆன்லின் மூன்று வயதிலிருந்து வளர்ந்த உயரமெல்லாம் பென்சில் கோடாக இருந்தது. பக்கத்திலேயே நஜீபாவின் உயரமும் இருந்தது. இரண்டு பெண்களும் ஒரே வகுப்பு, பள்ளிவிட்டு வந்து ஒரே அறையில் விழுந்து கிடந்தவர்கள். ஒருத்தியை அளந்தால் மற்றவளையும் அளந்தாக வேண்டும். அப்போது ஞானமேரிதான் பென்சில் பிடித்தாள். இப்போது அந்தக் கோடுகளுக்குக் கீழே நஜீபா மகளின் கோடு வந்திருக்கிறது என்று கேட்டதும் அவள் கொல்லைக்குப் போனாள். துவைகல் பக்கம் மூன்றாம் நம்பர் ராஜம் நின்றுகொண்டிருந்தாள். கருப்பையன் மனைவியான அவளுக்கு அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கேட்பதில் ஒரு குளிர்ச்சி உண்டு. அவளிடம் ஞானமேரி, "எம் மவ ரூமத் திருடி வச்சுகிட்டு அதுல தொட்டில் கட்டி ஆட்டுறாளுவ. ஆட்டட்டும். அந்தக் கயிறு எத்தன நாளைக்குத் தாங்குதுன்னு நானும் பாக்குறேன்" என்று சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன நிமிஷமே அவளுக்கும் தெரிந்தது. ஆனால் சொல்லி முடித்தபோது நெஞ்சுக்கு இதமாக இருந்தது, அதனால் அடுத்தடுத்த நாட்களிலும் அது போலச் சிலது சொன்னாள்.

வேண்டுமானால் அவள் ஆபீசுக்குப் போய், பொய் சத்தியம் செய்துவிட்டேன், அறை எங்களுடையது என்று சொல்லியிருக்கலாம். யாகப்பன் அதைத்தான் சொன்னார். சொன்னால் மூன்றில் ஒரு பங்கு போகும். யாகப்பனின் பென்ஷனையும் ஞானமேரி தைக்கும் ஜாக்கெட்டுகளையும் வைத்துக்கொண்டு அதை ஈடுகட்ட முடியாது. வாடகை பாக்கி விழுந்தால் லைனைவிட்டே போகவேண்டும். அப்படி அவமானப்பட்டு உண்மையைச் சொல்லி, அதற்குப் பிறகும் அறை வரவில்லையென்றால்? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று இரண்டு வருஷம் அவள் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வருஷம் சித்திரையில் ஆன்லின் வீடியோவில் கூப்பிட்டு, முழுகாமல் இருப்பதாகவும், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் வருவதாகவும் சொன்னாள். அங்கே ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் நர்சுகள் அவளைப் பைத்தியம் என்கிறார்களாம். "என் ரூம் அப்படியேதானம்மா இருக்கு?" என்று கேட்டாள். ஞானமேரி போனைத் தன் முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்படியேதாண்டி இருக்கு, தெனம் பெருக்குறேன்" என்றாள். போனை வைத்தபிறகு துடைப்பத்தை எடுத்துச் சுவரைப் பெருக்கினாள். கூடத்தில் கட்டில் போட்டால் கால் நீட்ட இடமில்லை, வாசலில் போகிறவர் வருகிறவரெல்லாம் பார்ப்பார்கள். பெற்ற மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவிட்டு, உனக்கு இந்த வீட்டில் அறை இல்லை, நானே பொய் சொல்லி அனுப்பிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆடி முழுக்க அவளுக்கு அதே கவலைதான். ஆவணியில், ஆன்லின் வருவதற்கு நான்கு நாள் முன்னால், சல்லடையை எடுத்துக்கொண்டு எட்டாம் நம்பருக்குப் போனாள்.

அஜீசுன்னிசா நேற்றுச் சாயந்தரம் போய்விட்டு இன்று வந்தவளை அழைப்பதுபோல உள்ளே கூட்டிப்போனாள். நேராக அந்த அறைக்கே கூட்டிப்போனாள். அறை கொழுத்திருந்தது உண்மைதான். கட்டில் அதேதான், டைம்டேபிள் அதே இடத்தில் இருந்தது, அலமாரியின் மேல்தட்டில் ஆன்லினின் பழைய புத்தகங்கள் தூசி இல்லாமல் அடுக்கியபடி இருந்தன. குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஞானமேரி ஜன்னல் பக்கம் போனாள். எட்டாம் நம்பர் கொல்லையைப் பார்ப்போம் என்றுதான் எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய முருங்கைமரம் நின்றது. அவளுடைய துவைகல்லும், காலையில் அவள் காயப்போட்ட யாகப்பனின் வேட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அறை வீடு மாறியிருந்ததே தவிர, அதன் ஜன்னல் மாறவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த கொல்லையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. துவைகல்லில் நின்று ஞானமேரி இத்தனை நாளும் பேசிய ஒவ்வொரு சொல்லும் இந்தக் கட்டிலில் படுத்திருந்தவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

"எல்லாங் கேட்டுச்சா அஜீசு?" என்றாள்.

"நீ கொல்லைக்கு வந்தாலே ஜன்னலச் சாத்திருவேன். மழ நாள்ல மட்டும் கதவு உப்பிக்கும், சாத்த வராது."

"தொட்டில் கயிறு…"

"அன்னிக்கே மாத்திட்டேன்" என்றாள் அஜீசுன்னிசா. "புதுக் கயிறு. நைலான்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் ஞானமேரியும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பாள். தொட்டில் பக்கத்தில் நின்றிருந்த நஜீபாதான் பேசினாள். "மேரிம்மா, எனக்கு இந்த ரூம் மேல ஆசைன்னு நெனச்சுகிட்டு இருக்கீங்க. படுத்தா எதுத்தாப்புல ஆன்லின் டைம்டேபிள்தான் தெரியும். நர்சிங் லிஸ்ட்ல அவ பேருக்குக் கீழதான் எம் பேரு இருந்துச்சு. வூடு உனக்குத்தானே, நீ எங்க போவப் போறன்னு உம்மா நிறுத்திட்டாங்க. அவ பிளேன் ஏறுனா, நான் அவ கட்டில்ல வந்து படுத்தேன். எனக்கு எரியலன்னா நெனைக்கிறீங்க?" அஜீசுன்னிசா மகளைப் பார்க்காமல் தொட்டிலை ஒருமுறை ஆட்டிவிட்டு, ஞானமேரியிடம், "ஆன்லின் வர்றாளாமே. அதக் கேக்கத்தான வந்த?" என்றாள். ஞானமேரி ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "இல்ல, சல்லட வேணுமான்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அதைக் கட்டிலில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள்.

கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நான்காம் நாள் சென்னையிலிருந்து வந்த கார் லைன் வாசலில் நின்றது. ஏழு மாத வயிற்றோடு ஆன்லின் இறங்கினாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அப்பாவிடம் பெட்டியைக் கொடுத்தாள். பிறகு பழகின கால் போனபோக்கில், ஏழாம் நம்பர் படியைத் தாண்டி எட்டாம் நம்பருக்குள் நுழைந்து, அந்த அறைக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, "அஜீசும்மா, ஃபேன கொஞ்சம் போடுங்க" என்றாள். அறை ஏன் இங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை. தீவில் இருந்தவரை கனவில் அது இங்கேதான் இருந்ததாம். நஜீபா இருக்கும் வீட்டில் அறை இருப்பதுதான் முறை என்று நினைத்திருந்தாளாம். நஜீபா அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். சாயந்தரம் இருவரும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் படுத்து ஏதோ பேசிச் சிரித்தார்கள், பிறகு ஏதோ பேசி அழுதார்கள். மறுநாள் அறை பதினான்கு அடி இருந்தது.

கார்த்திகையில் ஆன்லினுக்குப் பெண் பிறந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அறைக்குத்தான் கொண்டுவந்தார்கள், இரண்டாவது தொட்டிலுக்கு இரண்டாவது கொக்கி தயாராக இருந்தது. ஞானமேரி ஏழாம் நம்பரில் சமைத்து, எட்டாம் நம்பருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டாள். தன் மகள் படுத்திருக்கும் அறைக்குப் போக அனுமதி கேட்கவேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது. அஜீசுன்னிசா வைத்த பத்தியப் பூண்டுக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஆன்லின், "இது மாதிரி நீ வைக்க மாட்டம்மா" என்று சொன்ன அன்று, ஞானமேரி கிண்ணத்தைக் கழுவும்போது வேண்டுமென்றே கைதவற விட்டாள். அது எவர்சில்வர் கிண்ணம், உடையவில்லை.

குழந்தைக்கு நாற்பதாம் நாள், ஆன்லின் யாகப்பனோடு கோயிலுக்கு மந்திரிக்கப் போகுமுன் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், அன்பழகன் வந்தார். எட்டாம் நம்பர் அறையை அளந்தார். தலையணைகள் எல்லாவற்றிலும் கை வைத்தார், எல்லாம் சூடு. அப்புறம் சுவரைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவர் கையை நம்பினாரே தவிரச் சுவரைப் படித்ததில்லை. "ஆன்லின், பத்தாம் வகுப்பு ஆ பிரிவு" என்று டைம்டேபிளில் இருந்ததை இப்போது வாய்விட்டுப் படித்தார். "ஆன்லின்ங்கிறது ஏழாம் நம்பர் பொண்ணு இல்லீங்களா? அப்ப இது யார் ரூமு? இந்தக் கொழந்த யாரோடது?" அவர் கேட்டது அஜீசுன்னிசாவிடம். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, ஞானமேரி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உண்மை வெளிவந்தால் ஞானமேரிக்குக் குறையும் என்று அஜீசுன்னிசாவுக்குத் தெரியும். அன்று சல்லடையோடு வாயை மூடிக்கொண்டு நின்றதைவிட இன்று ஒருபடி மேலே போனாள்.

"ரூம் எங்களோடதுதாங்க. இந்தப் புள்ளையும் எங்களோடது. எம் பேத்தி" என்றாள்.

அன்பழகன் நோட்டைத் திறந்தார். மூன்று வருஷம் முன்னால் நடந்ததற்குப் பிறகு அவர் அதில் சத்தியத்துக்கென்று ஒரு கட்டம் போட்டிருந்தார். "சத்தியமா சொல்லிடுங்கம்மா, எழுதிக்கிறேன்" என்றார். அஜீசுன்னிசா தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலைமேல் வைக்கக் கையைத் தூக்கினாள்.

கஞ்சிக் கிண்ணம் தரையில் உருண்டது. பதினான்கு அடி அறையை ஞானமேரி எப்படி ஒரே எட்டில் தாண்டினாள் என்பது யாருக்கும் தெரியாது. அறை அந்த ஒரு நொடி சுருங்கிக் கொடுத்தது என்று நஜீபா சொல்கிறாள். அஜீசுன்னிசாவின் மணிக்கட்டை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சத்தியம் பண்ணினால் என்ன ஆகும் என்று அந்த லைனில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? "சொல்லாத அஜீசு! சொல்லாத, புள்ளையும் போயிடும்!" என்று கத்தினாள். பிறகு அன்பழகனைப் பார்த்து, மூன்று வருஷமாக நெஞ்சில் கட்டிவைத்திருந்த பொறாமை முழுவதும் குரலில் ஏற, "இது எம் பேத்தி. குளிக்கிறது எம் மவ. இது எங்க ரூமு சார், பத்துக்கு ஒம்போதா இருந்தப்பவே எங்க ரூமு. நாந்தான் பொய் சொன்னேன். கொறைக்கிறதக் கொறைச்சுக்குங்க, ஆனா எங்களோடதுன்னு எழுதுங்க. பெருசா எழுதுங்க" என்றாள்.

அன்பழகன் நிதானமாகப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, அடித்து, எழுதினார். ஏழாம் நம்பருக்கு உபரி அறை ஒன்று. இருக்கும் இடம், எட்டாம் நம்பர். மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படுகிறது. ஆன்லின் விருந்தாளி, குடியிருப்பவள் அல்ல. ஆகவே தலையணைச் சூடு கணக்கில் வராது. போன மூன்று வருஷத்துக்குப் பிடித்தம் செய்ய நோட்டில் கட்டம் இல்லாததால் அதை விட்டுவிட்டார். போகும்போது வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டில் காபி கேட்டு வாங்கிக் குடித்தார். கோயிலுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்த யாகப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இத மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா ரூமாச்சும் நம்ம வூட்டுல இருந்திருக்கும்" என்றார். அன்று முழுக்க இரண்டு வீட்டாரும் அறை திரும்பிப் போகுமென்று காத்திருந்தார்கள். நஜீபா தன் துணிகளைக்கூட மூட்டை கட்டிவிட்டாள். அறை அசையவில்லை. சாயந்தரம் ஐந்து மணிக்கு ஏழாம் நம்பரில் காலண்டர் கீழே விழுந்தது. ஞானமேரி போய்ப் பார்த்தாள். ஆணி இருந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. திறந்தாள். கிழக்குச் சுவரில் இருந்த அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், மேற்கு வீட்டில் இருக்கும் அறை அப்படியே இருந்தது. இரண்டு தொட்டில்களும் ஆடிக்கொண்டிருந்தன. நஜீபா கட்டிலில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். ஞானமேரி வரலாமா என்று கேட்காமல் உள்ளே போனாள்.

ஐந்தாம் மாதம் ஆன்லின் குழந்தையோடு தீவுக்குத் திரும்பினாள். போவதற்கு முந்தின நாள் குழந்தையை நிலையோடு ஒட்டித் தூக்கிப் பிடித்துக் கோடு போட்டார்கள். பென்சிலை ஞானமேரிதான் பிடித்தாள், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. தொட்டில் ஒன்று இறங்கியதும் அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஆனது, அதற்குக் கீழே போகவில்லை. குறைந்த மூன்றில் ஒரு பங்கை ஈடுகட்ட யாகப்பன் கிளிஞ்சல்மேட்டில் மீன் ஏலம் போடும் இடத்தில் காலை நேரம் கணக்கு எழுதப் போய்வருகிறார். ஞானமேரி கூடுதலாக ஜாக்கெட் தைக்கிறாள், நஜீபாவின் நர்சிங் யூனிஃபார்ம் உட்பட. நஜீபா இப்போது பஸ்ஸில் போய்ப் படித்துவருகிறாள், மகளைக் காலையில் அஜீசுன்னிசாவும் மதியம் ஞானமேரியும் பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த வீட்டில் இருக்கும், ஆள் நிறைந்த ஓர் அறையைத் தன் காலி அறையென்று சொல்லி மாதாமாதம் உதவியில் ஒரு பங்கை இழக்கிறவள் காரைக்காலிலேயே ஞானமேரி ஒருத்திதான். அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. நஜீபாவின் குழந்தை தன்னைவிட அஜீசுன்னிசாவிடம்தான் சீக்கிரம் தூங்குகிறது என்று இன்றைக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள், ஆனால் அந்த அறையிலேயே உட்கார்ந்துகொண்டு. அறைக்கு இப்போது இரண்டு கதவு, இரண்டிலும் தாழ்ப்பாள் உண்டு. கடல் காற்றில் இரண்டும் திறந்தபடியே துருப்பிடித்து இறுகிவிட்டன. யாரும் எண்ணெய் போடவில்லை.